வேல்ஸ் மலையில் நான் நட்ட முளைக்குச்சிகள்

நெய்வேலிக்காரனை உலகத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். மண் இருக்கும் ஊருக்கு மட்டும் தனியாக அனுப்பக் கூடாது.

கோயிலுக்குப் போனால் மற்றவர்கள் கோபுரத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் கோபுரம் நிற்கிற தரையைப் பார்த்து, இதற்குக் கீழே எத்தனை மீட்டரில் தண்ணீர் வரும் என்று யோசிப்போம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, எதிரே உள்ள தென்னந்தோப்பை எடுத்துவிட்டால் மேல்மண்ணை எங்கே கொட்டலாம் என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர் அதற்குப் பதிலும் சொல்வார். தோப்புக்காரர் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். சுரங்கத்தில் சில வருஷம் வேலை பார்த்தால் தானாக ஒட்டிக்கொள்ளும் வியாதி இது (இதற்கு மெடிக்கல் லீவு கிடையாது). எனக்கு அது முற்றிப்போய், கடல் கடந்து ஒரு நல்ல மனிதனின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கன்வேயர் பெல்ட் பிரிவில் இன்ஜினியர். சுரங்கத்தில் வெட்டுகிற மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு ஓடுகிற ரப்பர் பட்டை அறுந்தால் ஒட்டவைப்பது எங்கள் வேலை. அதை இன்னும் உருப்படியாக ஒட்டவைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு வர, கம்பெனி என்னை வேல்ஸுக்குச் சில மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. 'லண்டன் போறாராம்' என்று எங்கள் பிளாக் முழுவதும் செய்தி பரவியது. நானும் திருத்தவில்லை.

"அங்க எப்பவும் மழ பேஞ்சுகினே இருக்குமாம்" என்றாள் என் மனைவி கலை. உடனே ஸ்டோர்ஸில் சொல்லி, சுரங்கத்தில் ஐப்பசி மழைக்குக் கொடுக்கிற மழைக்கோட்டு ஒன்றை வாங்கி வந்தேன். பளீரென்ற மஞ்சள். முழங்காலுக்குக் கீழே தொங்கும். முதுகில் 'லிக்னைட் மைன்ஸ்' என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்து. கூடவே ஒரு ஜோடி கம் பூட்ஸ். விமான நிலையத்தில் தொலைந்துவிடக் கூடாதென்று கலை என் பெட்டியிலும் தோள்பையிலும் சிவப்பு ரிப்பனைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புப் பெண்களுக்கு அதில் சடை பின்னலாம். இந்தக் கோட்டையும் ரிப்பனையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது இந்த இரண்டினால்தான்.

வழியனுப்ப என் மாமனாரும் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். அவருடைய ஊர் நெய்வேலிக்குப் பக்கம். இப்போது போய்த் தேடினால் கிடைக்காது, சுரங்கத்துக்குள் இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷத்தில் அவர் நிலத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. பெண்ணைக் கொடுத்தது கம்பெனி மாப்பிள்ளைக்கு, நிலத்தைக் கொடுத்தது கம்பெனிக்கு. அவர் கணக்கில் இரண்டையும் வாங்கிக்கொண்டவன் நான்தான். அதிலிருந்து என்னிடம் நேராகப் பேசமாட்டார். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர் மகளைப் பார்த்து, "உன் வூட்டுக்காரரு சாப்ட்டாரான்னு கேளு" என்பார். நான் கலையைப் பார்த்து, "சாப்ட்டேன்னு சொல்லு" என்பேன். ஒரே அறைக்குள் டிரங்க் கால் போட்டுக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கும் மகளிடம்தான் சொன்னார். "அந்த ஊருலயும் நெலத்தத் தோண்டறாங்களான்னு பாத்துக்கினு வரச் சொல்லு."

"பாத்துக்கினு வர்றேன்னு சொல்லு" என்றேன்.

வேல்ஸில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் பெயர் கேரத். செம்பட்டைத் தலை, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன், பெல்ட்டைத் தடவிப் பார்த்தே எங்கே அறுந்துபோகும் என்று சொல்கிறவன். (அவன் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் எங்கள் வீட்டில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேரத்தும் மற்றவர்களும் காலப்போக்கில் கடலூர் ஜில்லாத் தமிழுக்கு மாறிவிட்டார்கள். இனி அவர்களைத் திருத்த முடியாது. அப்படியே எழுதுகிறேன்.)

கேரத்துக்கு ஒரு பெண்மேல் பிரியம். பெயர் மெகன். மலைக்கு நடுவில் ஒரு சின்னக் கிராமம், அங்கே அவள் அப்பா பிரைஸ் ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். பெண்ணுக்குச் சம்மதம். அப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. காரணம் கேரத்தின் குணமோ சம்பளமோ இல்லை. அவன் சுரங்கத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான் என்பதுதான். "மண்ணைத் தோண்டறவன் கூட்டத்துல சேந்தவன் என் வூட்டுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டாராம். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் வீட்டு வாசலிலேயே நிற்பதுபோல் இருந்தது.

பல மாதக் கெஞ்சலுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் பிரைஸ். அன்றைக்குப் பெண்ணைக் கேட்டுவிடுவது என்று கேரத் முடிவு செய்திருந்தான். முடிவு செய்த நாளிலிருந்து அவன் என்னை விடவில்லை.

"நீயும் கூட வாயேன். தனியா போனா நாக்கு எழும்பாது. புது ஆளு ஒருத்தர் இருந்தா அவரும் கொஞ்சம் மரியாதையா பேசுவாரு."

கேரத்துக்கு அப்பா கிடையாது, மாமா சித்தப்பா என்று சொல்லிக்கொள்ளவும் ஆள் இல்லை. அவன் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். நான் அதைப் பெண் பார்க்கும் படலம் என்றும், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் நான்தான் என்றும் எடுத்துக்கொண்டேன். முப்பத்து சொச்சம் வயதில், கடல் கடந்த நாட்டில், அந்தப் பதவி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெரியவர் என்றால் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்கப் போவதற்கு முன்னால் ஒருவர் சத்தமில்லாமல் போய் விசாரித்துவிட்டு வருவார். டீக்கடையில் இரண்டு வார்த்தை, நிலத்தைச் சுற்றி ஒரு நடை. எனக்குப் பெண் பார்த்தபோது என் அப்பா அப்படித்தான் போனார். கலையைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பாவின் வயலில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு வந்து, "மண்ணு நல்லா இருக்குது, பொண்ணும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அத்துடன் என் கல்யாணம் முடிவாகிவிட்டது. கேரத்துக்கு இதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? நான்தான். அவனிடம் சொல்லவில்லை. விசாரிக்கப் போகிறவர் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போவது வழக்கமில்லை.

சனிக்கிழமை காலை கேரத்தின் சின்னக் காரில் புறப்பட்டோம். அந்த வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கார் போனால் எதிரே வருகிற மாடு யோசிக்க வேண்டிய அளவுக்குத் தெரு. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புதர்வேலி. மேடு ஏறினால் திடீரென்று வேலி விலகி, மலை முழுக்கப் பச்சை. அந்தப் பச்சையை யாரோ கற்சுவர் வைத்துக் கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தார்கள். கட்டத்துக்குள் முதுகில் நீலச்சாயம் பூசிய ஆடுகள். கீழே ஒரு ஓடை, கருங்கல் பாலம், சிலேட்டுக் கூரை போட்ட வீடுகள், ஒரு தேவாலயம், தபாலாபீசும் மளிகையும் ஒன்றாக இருக்கிற ஒரு கடை. ஊர் அவ்வளவுதான். முந்திரித் தோப்பும் செம்மண் புழுதியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது நிஜம் என்றே தோன்றவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைந்த நெஞ்சிலும் ஓரமாக ஒரு கேள்வி எழுந்தது: இதற்குக் கீழே என்ன இருக்கும்?

மெகன் தேவாலயத்துப் பாட்டுக் குழுவில் ஒத்திகையில் இருந்தாள். கேரத்தால் ஒரு மணிவரை பொறுக்க முடியவில்லை. "நான் உள்ள உக்காந்து பாட்டு கேக்கறேன். நீ ஊரச் சுத்திப் பாத்துக்கினு சாப்பாட்டு நேரத்துக்கு மேல பண்ணைக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டு, கையில் பூங்கொத்துடன் ஓடினான்.

தூறல் போட்டது. நான் மஞ்சள் கோட்டை மாட்டினேன், கம் பூட்ஸில் காலை விட்டேன், தோள்பையைப் போட்டுக்கொண்டேன். டீக்கடை இல்லாததால் நேராகத் தபாலாபீஸ் கடைக்குப் போனேன்.

கல்லாவில் நடுத்தர வயது அம்மாள் ஒருவர். முதலில் சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

"மேல பிரைஸ் ஐயாவுக்கு எவ்ளோ நெலம் இருக்கும்ங்க?"

"ஏன், எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க. பாகத்துக்கு வர்ற அண்ணந்தம்பி யாராவது உண்டுங்களா? நெலத்துமேல வில்லங்கம், கேஸு, அப்படி ஏதாவது?"

அந்த அம்மாள் பொட்டலம் கட்டுவதை நிறுத்தினார். "உங்கள யாரு அனுப்புனது?"

நான் புன்னகை செய்தேன். பெண் வீட்டை விசாரிக்கும்போது எந்தத் தரப்பு என்று வெளியே சொல்லக் கூடாது, அதுதான் நாகரிகம். "அத இப்ப சொல்றதுக்கில்லீங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சா தானா தெரியவரும்" என்றேன். ரகசியமாகக் கண்ணைக்கூடச் சிமிட்டியதாக ஞாபகம்.

நான் கடையை விட்டு இறங்கியதும் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. 'பாவம், சாப்பாட்டு நேரம் போல' என்று நினைத்துக்கொண்டேன்.

பிரைஸின் நிலத்துக்குப் போனேன். கதவைத் திறந்து, பொறுப்பாகத் திரும்பச் சாத்திவிட்டு (ஆடு வெளியே போய்விடக் கூடாதே, நானும் விவசாயி மகன்), சுவர் ஓரமாக அடி வைத்து அளக்கத் தொடங்கினேன். பெல்ட் நீளத்தை நடந்தே சொல்லிப் பழகிய கால்கள் அவை. வாய்விட்டுத் தமிழில் எண்ணிக்கொண்டே நடந்தேன். இரண்டாவது மூலை திரும்பியபோது மலையிலிருந்து பனி இறங்கி, முதல் மூலை மறைந்துவிட்டது. அளவு தப்பக் கூடாது. வேலியில் நாலைந்து குச்சிகளை ஒடித்து மூலைக்கு ஒன்றாக நட்டேன். பனியில் குச்சி தெரியவில்லை. தோள்பையில் கலை கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன் கைக்கு வந்தது. அதைக் கிழித்து ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு முடிச்சுப் போட்டேன்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கலை கேட்பாள்: "அப்பக்கூடவா உங்களுக்குத் தோணல?" தோன்றவில்லை. குச்சியில் சிவப்புத் துணி என்றால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும். கம்பெனி ஆள் வந்து அளந்து, முளைக்குச்சி அடித்து, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனால், அந்த நிலத்தில் அடுத்த போகம் சந்தேகம்தான். அது தெரிந்தவன் நான். ஆனாலும் மலையும் பனியும் பெரியவர் பதவியும் சேர்ந்து என் மூளையை நனைத்துவிட்டிருந்தன.

அளந்து முடித்து, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கினேன், மோந்தேன், அப்பா செய்வதுபோல் நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். புளிப்பு மண். கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் சரியாகும். பெண் நல்ல பெண்தான் என்று முடிவு செய்தேன். அத்துடன் இறங்கியிருக்கலாம். ஆனால் மேட்டில் நின்றபோது பனி லேசாகக் கலைந்து கீழே தேவாலயம் தெரிந்தது, பழைய வியாதி பிடித்துக்கொண்டது. இங்கே ஒரு எக்ஸ்கவேட்டரை நிறுத்தினால், பெல்ட்டை இந்தச் சரிவில் இறக்கி, தேவாலயத்தைத் தாண்டி இடது பக்கம் திருப்பி, ஓடைக்கரையில் மண்ணைக் கொட்டலாம். சும்மா மனக்கணக்குதான். ஆனால் எனக்குக் கையை நீட்டாமல் மனக்கணக்குப் போட வராது. மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவன் மலை உச்சியில் நின்று, ஒரு கையால் தேவாலயத்தையும் இன்னொரு கையால் ஊரையும் காட்டிக்கொண்டிருந்தான்.

பனி முழுதும் விலகியபோது கீழே நிலத்துக் கதவருகில் ஊர் நின்றுகொண்டிருந்தது.

தபாலாபீஸ் அம்மாள் இருந்தார். பாட்டுக் குழுவினர் கையில் பாட்டுத் தாளுடன் இருந்தார்கள். யாரும் கத்தவில்லை. முன்னால் உயரமாக ஒருவர், கையில் தடி, காலடியில் நாய். பிரைஸ் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைக் கூப்பிக்கொண்டே இறங்கினேன்.

"எந்தக் கம்பெனி நீ?" என்றார் பிரைஸ்.

அடடா, வந்த உடனே மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரின் உத்தியோகத்தைக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை. வாயால் சொல்வானேன் என்று, திரும்பி நின்று முதுகைக் காட்டினேன்.

கூட்டத்தில் ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். லிக்னைட் மைன்ஸ். அந்த நாட்டில் நிலக்கரியைப் பற்றி யாருக்கும் யாரும் விளக்கத் தேவையில்லை. நான் திரும்பவும் முகத்தைக் காட்டியபோது அங்கே ஒரு முகத்திலும் ரத்தம் இல்லை.

கேரத் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த மலைக்கு அப்பால் ஒரு கிராமமே அணைக்கட்டுத் தண்ணீருக்குள் போயிருக்கிறது. அங்கேயும் முதலில் ஒருவன்தான் வந்தானாம். கோட்டுப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக, எவ்வளவு நிலம், யாருக்குப் பாகம் என்று விசாரித்துக்கொண்டு. யார் அனுப்பினது என்று கேட்டதற்கு இப்போது சொல்வதற்கில்லை என்றானாம்.

அப்போதுதான் கேரத்தும் மெகனும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். கேரத் என்னைப் பார்த்தான். என் பின்னால் மலைமேல் ஆடுகிற சிவப்பு ரிப்பன்களைப் பார்த்தான்.

"இந்த ஆளு உன் ஆளா?" என்று அவனைக் கேட்டார் பிரைஸ்.

"என் சிநேகிதன்ங்க."

"அப்ப நீ பொண்ணு கேக்க வரல. நெலம் கேக்க வந்திருக்க."

என்னால்தான் இவ்வளவும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பாய்ந்தேன். என் இங்கிலீஷ் பெல்ட்டைப் பற்றிப் பேசப் போதும், சம்பந்தம் பேசப் போதாது. "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நெலத்துக்காக வரலீங்க. பொண்ணுக்காகத்தான் நெலத்தப் பாத்தேன். எங்க ஊருல பொண்ணு எடுக்கறதுக்கு முன்னால நெலத்தத்தான் பாப்பாங்க" என்றேன். சொல்லி முடித்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மெகன் கேரத்தின் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னால எங்கப்பாவுக்கு எவ்ளோ நெலம்னு அளக்க ஆள் அனுப்புனியா?"

ஒரு ஓட்டையை அடைக்கப் போய் பெல்ட்டையே இரண்டாக அறுத்துவிட்டேன். கேரத் கையிலிருந்த பூங்கொத்தை நாய் மோந்து பார்த்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிரைஸ் என்னிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

"புடுங்கு."

மலை ஏறினேன். அவர் தடியை ஊன்றிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். நான் ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கி, ரிப்பனை அவிழ்த்துக் கோட்டுப் பையில் போட்டேன். பனி திரும்ப இறங்கியது. கீழே நின்றவர்கள் மறைந்துவிட்டார்கள். கடைசிக் குச்சி மட்டும் அகப்படவில்லை. அது கிடைக்காமல் கீழே இறங்க அவரும் தயாராக இல்லை, எனக்கும் தைரியம் இல்லை. இரண்டு பேரும் பனிக்குள் குனிந்து தேடிக்கொண்டு நடந்தோம்.

சும்மா நடக்க முடியாமல் நான் பேச ஆரம்பித்தேன். "எங்க மாமனாரு நெலத்துலயும் இந்த மாதிரி குச்சி அடிச்சாங்க. அவரு எல்லாத்தையும் புடுங்கிக் கெணத்துல போட்டாரு. மறுபடி அடிச்சாங்க. மறுபடி போட்டாரு."

அவர் என் பக்கம் கொஞ்சம் நெருங்கித் தடியை ஊன்றினார்.

"கடைசீல கெணறும் போயிடுச்சு. எங்கப்பா அந்த மண்ணைப் பாத்துத்தான் எனக்குப் பொண்ணு எடுத்தாரு. அந்த மண்ணை நான்தான் பெல்ட்டுல ஏத்தி அனுப்பினேன். அதுலேருந்து மாமனாரு எங்கிட்ட பேசறதில்ல."

"நெலத்த எடுக்க வந்த அன்னிக்கி நீ என்னா செஞ்ச?"

"ஷிப்டுக்குப் போயிட்டேன்."

அந்தப் பதிலை அதற்கு முன் நான் யாரிடமும் சொன்னதில்லை, கலையிடம்கூட. அவர் எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கூடவே நடந்தார்.

இடிந்து கிடந்த ஒரு சுவரைத் தாண்டிக் கடைசிக் குச்சி அகப்பட்டது. அதன் பக்கத்தில் ஒரு கிடா நின்று ரிப்பனை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. பிரைஸ் குச்சியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுவரைக்குமா அளந்த?"

"ஆமாங்க."

"இது என் நெலம் இல்ல. பக்கத்து வூட்டுக்காரனுது."

"செவுரு இடிஞ்சிருந்துதுங்க. ஒண்ணுன்னு நெனச்சிக்கினேன்."

அவர் தோள் குலுங்கியது. முதலில் கோபம் என்றுதான் நினைத்து ஓரடி தள்ளி நின்றேன். பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. "எங்கப்பா காலத்துலேருந்து இத எங்க நெலம்னு சொல்லிக்கினு இருக்கோம். ஒருத்தனும் ஒத்துக்கல. நீ ஒரு காலைல சேத்துக் குடுத்துட்ட" என்றார். கிடாவின் வாயிலிருந்து ரிப்பனை இழுத்து, மிச்சம் இருந்ததை என்னிடம் கொடுத்தார். குச்சியை மட்டும் பிடுங்கவில்லை. அதை இன்னும் கொஞ்சம் ஆழமாக மிதித்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்றார்.

கீழே வந்து ஊராரிடம் அவர்களுடைய வெல்ஷ் மொழியில் ஏதோ சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து வயல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பிறகு பிரைஸ் கேரத்திடம், "உன் பெரியவரு நெலத்தப் பாத்துட்டாரு. திருப்திதானாம். இனிமே உனக்கு எதாவது கேக்கணும்னா கேளு" என்றார்.

கேரத் கேட்டான். அந்தக் கேள்வியில் பாதி தூறலில் கரைந்துபோனது. பிரைஸ் தலையை ஆட்டினார். மெகன் ஆட்டவில்லை.

"அவரு அளந்தாப்ல நானும் உன்னை நல்லா அளந்து பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்று பூங்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டில் ஆட்டுக்கறி இருந்தது. காரம் இல்லை, ஆனால் அந்த வீட்டில் எனக்கு இலை போட்டதே பெரிது என்று இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். நான் ஊர் திரும்புகிற நாள்வரை மெகன் கேரத்துக்குப் பதில் சொல்லவில்லை. அவன் என்னைத் திட்டவில்லை. விமான நிலையத்தில் கட்டிப் பிடித்து, "கல்யாணம் நடந்தா போட்டோ அனுப்பறேன்" என்றான். அந்த 'நடந்தா' என் பெட்டியைவிடக் கனமாக இருந்தது.

நெய்வேலியில் பெட்டியைத் திறந்ததும் கலையின் முதல் கேள்வி, "ரிப்பன் எங்க?" என்பது. சொல்ல வேண்டியதாயிற்று. மாமனார் ஜன்னலோரம் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, கேட்காததுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். முதுகைக் காட்டின கட்டத்தில் கலை தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடைசிக் குச்சி வந்தபோதுதான் நாற்காலி கிறீச்சிட்டது.

"நமக்கு நடந்தத அந்த ஆளுகிட்ட சொன்னாரான்னு கேளு" என்றார் மகளிடம்.

"சொன்னேன்னு சொல்லு."

"அவரு என்னா சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலன்னு சொல்லு. கூடவே நடந்தாருன்னு சொல்லு."

கலை இரண்டு பக்கமும் பார்த்தாள். இதற்கு மேல் டிரங்க் கால் போட அவளால் முடியவில்லை, காபி போடப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

மறு வருஷம் பொங்கல் கழிந்து போட்டோ வந்தது. தேவாலய வாசலில் கேரத்தும் மெகனும். பக்கத்தில் கோட்டு சூட்டில் பிரைஸ், கையில் அதே தடி. பின்னால் மலை. மெகன் அளந்து முடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் நான் கூச்சம் பார்க்காமல் அழுதேன். போட்டோவின் பின்புறம் பிரைஸ் தன் கைப்பட ஒரு வரி எழுதியிருந்தார். வயல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, உன் மாமனாரிடம் சொல்.

நான் போட்டோவைக் கலையிடம் கொடுக்காமல் நேராக அவரிடமே நீட்டினேன். அந்த வரியைத் தமிழில் சொன்னேன். அவர் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்து, அவர்கள் தலைக்கு மேலே தெரிந்த மலையையே வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல மேய்ச்சல் நெலம், மாப்ள" என்றார்.

அறையில் கலை இல்லை. என்னிடம்தான் சொன்னார்.

அப்புறம் எங்கள் உறவில் எத்தனையோ சம்பந்தம் பேசினார்கள். விசாரிக்க யாரை வேண்டுமானாலும் அனுப்புவார்கள், என்னை அனுப்ப மாட்டார்கள். பெண் வீட்டில் நான் கொல்லைப்பக்கம் கை கழுவப் போனாலும், "ரிப்பன் கொண்டாந்திருக்காரா பாரு" என்று யாராவது சொல்வார்கள். கேரத்தையும் பிரைஸையும் பார்த்தே இராத பிள்ளைகள் அவர்களைப்போல் பேசிக் காட்டுவார்கள், கடலூர் ஜில்லாத் தமிழில்.

சில வருஷம் கழித்து, வீடு கட்டக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு மனை வாங்கினேன். எல்லை பார்க்க மாமனாரையும் கூட்டிப் போனேன். காலி நிலத்தைப் பார்த்ததும் என் கால் தானாக அடி வைக்கக் கிளம்பியது.

"நீங்க அங்கயே நில்லுங்க மாப்ள, நடக்காதீங்க" என்றார். "நீங்க நடந்தா பக்கத்து மனையும் நம்முளுதாயிடும்."

இடுப்பு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு சுருள் சிவப்பு ரிப்பனை எடுத்தார். வரும்போதே கடையில் வாங்கி வைத்திருந்திருக்கிறார். முளைக்குச்சிகளைப் பிடுங்கிக் கிணற்றில் போட்ட மனிதர், என் மனையின் நாலு மூலையிலும் குனிந்து குச்சி நட்டு, கல்லால் தட்டி இறக்கி, தலையில் ஒவ்வொரு முடிச்சுப் போட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.